மாத்திரையே தின்னாத பருந்துக்கு மருந்து எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

வாசகர் கடிதம்:

"நான் ஒரு பறவை மீட்புக் குழுவில் தன்னார்வலர். மூன்று வாரத்துக்கு முன் இறக்கையில் காயத்தோடு ஒரு கரும்பருந்து எங்களிடம் வந்தது. எலும்பு முறியவில்லை, சதை கிழிந்திருந்தது. வந்த அன்றே என்ரோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்து 10 நாள் கொடுத்தோம். அப்படியும் புண்ணில் ஈரம் நிற்கவில்லை. 12ஆம் நாள் புண்ணிலிருந்து ஒற்றியெடுத்துக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினோம். ஈ.கோலை பாக்டீரியா என்று ரிப்போர்ட் வந்தது. 12 மருந்துகளில் 9க்கு 'ஆர்', அதாவது கிருமி அடங்கவில்லை. மெரோபெனெம், அமிகாசின், நைட்ரோஃப்யூரன்டோயின் மூன்றுக்கு மட்டும் 'எஸ்', அதாவது அடங்குகிறது. கீழே 'இஎஸ்பிஎல் பாசிட்டிவ், சிடிஎக்ஸ்-எம் மரபணு உள்ளது' என்று எழுதியிருக்கிறார்கள்.

இதற்குள் புண் காய்ந்துவிட்டது. பச்சைக் கோழி ஈரலை ஆவலாகத் தின்கிறது. ஆனால் குழுவுக்குள் சண்டை. மெரோபெனெம் போட்டுவிடலாம் என்கிறார் ஒருவர். வெளியே விட்டால் பரப்பிவிடும், கருணைக்கொலைதான் வழி என்கிறார் இன்னொருவர். வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடத் தின்னாத காட்டுப் பறவைக்கு இது எப்படி வந்தது? வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது. நான் பயப்பட வேண்டுமா?"

பதில்:

சண்டையை முதலில் தீர்த்துவிடுகிறேன். பருந்தைக் கொல்ல வேண்டாம், மெரோபெனெமும் வேண்டாம். புண் காய்ந்து, பறவை தின்கிறது என்றால் இப்போது எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். குழந்தை விஷயத்தில் பயம் தேவையில்லை, பழக்கம் தேவை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டை ஒரு முறை சேர்ந்து படிப்போம். 'ஆர்' என்பது பருந்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. பறவைக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்று பேசும்போது சொல்லிவிடுகிறோம், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. உண்மையில் அந்த மரபணு பருந்துடையதே அல்ல, அதன் மேல் வாழும் பாக்டீரியாவுடையது. பருந்துக்கு அதனால் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஈ.கோலை குடலில் குடியிருக்கும் சாதாரணப் பாக்டீரியா. கூண்டில் அடைபட்ட பறவையின் எச்சம் இறக்கைப் புண்ணில் படாமல் இருக்குமா? புண்ணில் ஒற்றியெடுத்தால் ஈ.கோலை வளரத்தான் செய்யும். புண்ணைக் கெடுத்ததே அதுதான் என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை. 'எஸ்' வந்த மூன்று மருந்துகளில் எதுவும் உள்ளே போகாமலேயே புண் ஆறிவிட்டது என்பதே நல்ல சாட்சி.

இஎஸ்பிஎல் என்றால் என்ன என்று ஒரு முறை கண்ணால் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வட்டத் தட்டில் ஜெல்லி மாதிரி அகார். அதன் மேல் பாக்டீரியாவைச் சீராகப் பூசி, மருந்தில் தோய்த்த சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகளை வைத்து, ஒரு ராத்திரி சூட்டில் விட்டுவிடுவார்கள். மறுநாள் தட்டு முழுக்க பாக்டீரியா சாம்பல் நிறத்தில் படர்ந்திருக்கும். வேலை செய்த மருந்தைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். உங்கள் பருந்தின் தட்டில் செஃபோடாக்சிம் பொட்டைச் சுற்றி வட்டம் பெயருக்குத்தான் இருந்திருக்கும். ஆனால் பக்கத்தில் கிளாவுலானிக் அமிலம் கலந்த பொட்டு இருந்தால், அந்தப் பக்கம் மட்டும் வட்டம் பிதுங்கிக்கொண்டு சாவித்துவாரம் போல நீளும். கிளாவுலானிக் அமிலம் போய் பாக்டீரியாவின் கத்தரிக்கோலைக் கட்டிப்போட்டுவிட்டது என்று அர்த்தம். கத்தரிக்கோல் என்று நான் சொல்வது பெனிசிலின், செஃபலோஸ்போரின் குடும்பத்து மருந்துகளை வெட்டிப்போடும் நொதி, அதுதான் இஎஸ்பிஎல். அந்த நொதியைச் செய்யச் சொல்லும் குறிப்புதான் சிடிஎக்ஸ்-எம் மரபணு. பெயரில் சிடிஎக்ஸ் என்பது செஃபோடாக்சிம், எம் என்பது அது முதலில் கண்டறியப்பட்ட மியூனிக் நகரம்.

இனி உங்கள் கேள்வி: மாத்திரையே தின்னாத பறவைக்கு எப்படி வந்தது?

தின்னவில்லையா? உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒற்றியெடுத்தது 12ஆம் நாள். அதற்கு முன் 10 நாள் நீங்களே என்ரோஃப்ளோக்சசின் கொடுத்திருக்கிறீர்கள். அந்த மருந்தில் ஒரு பங்கு உடம்புக்குள் சிப்ரோஃப்ளோக்சசினாகவும் மாறும். பத்து நாளில் சாகக்கூடிய ஈ.கோலை எல்லாம் செத்திருக்கும், சாகாதவைக்கு இடம் விசாலமாகியிருக்கும். சிடிஎக்ஸ்-எம் வைத்திருக்கும் ஈ.கோலையிடம் சிப்ரோவுக்கும் எதிர்ப்பு இருப்பது மிகவும் சகஜம். ஒரு மருந்தைக் கொடுத்தோம், அது சம்பந்தமே இல்லாத இன்னொரு குடும்பத்து மருந்தின் எதிர்ப்பையும் சேர்த்து வளர்த்துவிட்டது. முதல் நாளே ஒற்றியெடுத்திருந்தால் எது பருந்து கொண்டுவந்தது, எது உங்கள் கூண்டில் பெருகியது என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். இப்போது முடியாது.

குத்தம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையேதான் செய்தேன். மீட்புக் கூடத்துக்கு எந்த விலங்கு வந்தாலும், எதற்கும் இருக்கட்டும் என்று முதல் நாளே ஊசி. நரி, ஆந்தை, முயல், ஆமை, எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நரிக்குட்டியின் கால் புண் ஆறாமல் இழுத்தது. கடைசியில் கல்ச்சருக்கு அனுப்பினால் ஏறக்குறைய உங்களுக்கு வந்த அதே ரிப்போர்ட். நாய் கடித்த இடத்திலிருந்து வந்திருக்கும் என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். மூத்த சகா ஒருவர் பதில் பேசாமல், எங்கள் சிகிச்சை மேஜையின் விளிம்பிலும் கூண்டு கழுவும் தொட்டியின் வடிகாலிலும் ஒற்றியெடுத்து அனுப்பிவைத்தார். மூன்று தட்டிலும் ஒரே மாதிரி வட்டங்கள். அன்றைக்கு நான் போட்டிருந்த கையுறையைக் கழற்றி உற்றுப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதே கையுறையோடுதான் காலையில் நான்கு விலங்குகளைத் தூக்கியிருந்தேன்.

ஆக, சந்தேகப் பட்டியலில் முதல் ஆள் மருந்து. இரண்டாவது அந்தக் கோழி ஈரல். பச்சைக் கோழியிலும் அதன் உறுப்புகளிலும் இஎஸ்பிஎல் ஈ.கோலை இருப்பது உலகம் முழுக்கப் பல முறை பார்க்கப்பட்ட விஷயம். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். குளிரில் அது தூங்கும், அவ்வளவுதான். பருந்து பச்சையாகத்தான் தின்னும், அதை மாற்றச் சொல்லவில்லை. தனிக் கத்தி, தனிப் பலகை, தனி டப்பா வையுங்கள். தின்றது போக மிச்சத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, பருந்தே வெளியிலிருந்து கொண்டுவந்திருப்பது. இதற்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. விஷயம் சுவாரசியமாவதும் இங்கேதான், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எதிர்ப்பு மரபணு மனிதன் கண்டுபிடித்த சமாச்சாரம் இல்லை. பெனிசிலினை மனிதர்களுக்குப் பரவலாகக் கொடுக்க ஆரம்பிக்கும் முன்பே, 1940இல், அதை அழிக்கும் நொதி ஒன்றை ஈ.கோலையில் பார்த்து எழுதிவிட்டார்கள். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் பெனிசிலின் குடும்பம், டெட்ராசைக்ளின், வான்கோமைசின் வகைகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லெச்சுகில்லா என்ற குகை இருக்கிறது. 40 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக மேல் உலகத்தோடு தொடர்பில்லாத இடம். அங்கே எடுத்த பாக்டீரியாவில் ஒன்று 14 ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கியது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பகுதி மண்ணில் வாழும் பூஞ்சையும் பாக்டீரியாவும் செய்பவை அல்லது அவற்றைப் பார்த்து நாம் செய்தவை. ஆயுதம் இருந்த இடத்தில் கேடயமும் இருந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கதை முள்ளெலியுடையது. மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஒரு வகை ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா பசுக்களிடமும் மனிதர்களிடமும் இருப்பதை 2011இல் சொன்னார்கள், அதன் மரபணுவுக்கு மெக்-சி என்று பெயர். மாட்டுக்குக் கொடுக்கும் மருந்தால் வந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2022இல் வந்த ஆய்வு கதையைத் திருப்பிப் போட்டது. டென்மார்க், ஸ்வீடன் முள்ளெலிகளில் 60 சதவீதம் வரை இந்தப் பாக்டீரியாவைச் சுமந்தன. முள்ளெலியின் தோலில் ஒரு பூஞ்சை வாழ்கிறது, அது பெனிசிலின் வகைப் பொருளைச் சுரக்கிறது. அதே தோலில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்குப் பிழைக்க வேறு வழியில்லை. மரபணுக் கணக்குப்படி இது 1800களிலேயே நடந்திருக்கிறது, ஃப்ளெமிங் பெனிசிலினைப் பார்த்த 1928க்கு வெகுகாலம் முன்பு. ஆக, காட்டு விலங்கில் எதிர்ப்பு மரபணு இருந்தாலே மனிதன் கொட்டியது என்று எழுதிவிட முடியாது.

சரி, அப்படியானால் நாம் நிரபராதியா? இல்லை. உங்கள் சிடிஎக்ஸ்-எம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பூர்வீகம் க்ளூவேரா என்ற பாக்டீரியாவின் குரோமோசோம். அங்கே அது யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது. பிறகு எப்போதோ அங்கிருந்து கிளம்பி பிளாஸ்மிட்டில் ஏறிக்கொண்டது. பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாகச் சுற்றும் டிஎன்ஏ வளையம். ஒரு பாக்டீரியா பக்கத்திலிருக்கும் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு அதன் நகலைக் கொடுத்துவிடும், இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இப்படிக் கிளம்புவது இயற்கையில் எப்போதும் நடப்பதுதான். ஆனால் கிளம்பிய ஒன்று உலகம் முழுக்கப் பரவ, அதற்கு லாபம் கொடுக்கும் சூழல் வேண்டும். 1980களிலிருந்து ஆஸ்பத்திரிகளில் செஃபோடாக்சிம் வகை மருந்துகளை டன் கணக்கில் ஓட்டி அந்தச் சூழலைச் செய்து கொடுத்தது நாம்.

மருந்து தொண்டைக்குள் போனதோடு கதை முடிவதில்லை. வாய்வழி எடுக்கும் அமாக்சிசிலினில் பாதிக்கு மேல் மாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். ஆஸ்பத்திரிக் கழிவுநீர், கோழி, பன்றிப் பண்ணைகளின் எரு, மீன் பண்ணைத் தண்ணீர், குப்பைமேடு என்று எல்லா இடத்திலும் மருந்தும், எதிர்ப்புள்ள பாக்டீரியாவும் சேர்ந்தே போய் விழுகின்றன. கரும்பருந்து எங்கே இரை பொறுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குப்பைக்கும் குடலுக்கும் உள்ள உறவை எளிமையாகக் காட்டியவை கென்யாவின் அம்போசெலியில் உள்ள பபூன் குரங்குகள். ஒரே நிலப்பரப்பு, ஒரே இனம். மனிதக் குப்பையைக் கிளறித் தின்ற கூட்டத்தின் குடலில் எதிர்ப்புள்ள பாக்டீரியா அதிகம். காட்டில் இரை தேடிய கூட்டங்களில் குறைவு. 1985இல் வெளியான ஆய்வு, இன்றைக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிறகு 1999இல் இங்கிலாந்தின் காட்டெலிகளிடம் எதிர்ப்பு நிறைய இருக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. இரண்டு வருஷத்தில் அதே இதழில் ஃபின்லாந்துக்காரர்கள் பதில் எழுதினார்கள்: எங்கள் மூஸ் மான்களிலும் வயல் எலிகளிலும் கிட்டத்தட்ட இல்லவே இல்லையே! இரண்டு பேர் சொன்னதும் சரி. இங்கிலாந்து எலி வாழ்ந்தது பண்ணைகளுக்கும் ஊர்களுக்கும் நடுவில், ஃபின்லாந்து மூஸ் வாழ்ந்தது ஆளரவம் குறைந்த காட்டில். கலாபகோஸின் சாந்தா ஃபே தீவில் நில உடும்புகளைச் சோதித்தபோதும் வெளியிலிருந்து வந்து சேர்ந்த எதிர்ப்பு எதுவும் தென்படவில்லை. மனித நடமாட்டமே குறைவான தீவு அது.

இன்னொரு பக்கம், எட்டாத தூரம் என்று எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணுவை ஒரு நோயாளியிடம் முதலில் கண்டது 2008இல். வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவின் மண்ணில் 2013இல் எடுத்த மாதிரிகளில் அது இருந்ததாக 2019இல் எழுதினார்கள். பறவைகளோ மனிதர்களோ யாராவது கொண்டு சேர்த்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஃபைவ் ஐலண்ட்ஸில் வெள்ளிக் கடற்காக்கைக் குஞ்சுகளிடம், மெரோபெனெம் குடும்பத்தையே வெட்டும் மரபணு கிடைத்தது. குஞ்சு எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. தாய் ஊட்டியதைத் தின்றது, அவ்வளவுதான்.

மருந்து இல்லாத இடத்தில் இந்தச் சுமையைப் பாக்டீரியா இறக்கி வைத்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. பல நேரம் இறக்கி வைக்காது. சில பிளாஸ்மிட்டுகள் ஒரு விஷத்தையும் அதற்கு முறிமருந்தையும் சேர்த்தே தயாரிக்கின்றன. விஷம் நின்று வேலை செய்யும், முறிமருந்து சீக்கிரம் அழியும். பிளாஸ்மிட்டைத் தொலைத்த பாக்டீரியாவுக்குப் புதிதாக முறிமருந்து கிடைக்காது, மிச்சமிருக்கும் விஷத்தில் அது சாகும். இப்படியொரு ஏற்பாடு இருக்கும்போது, சும்மா காத்திருந்தால் சரியாகிவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

கருணைக்கொலை செய்யச் சொன்ன நண்பரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பருந்து இரை எடுத்த குப்பைமேட்டில் இன்னும் எத்தனை பருந்துகள்? ஒன்றைக் கொன்றால் குறையப்போவது என்ன? 'பறக்கும் சூப்பர்பக்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. எதிர்ப்புக் கிருமிகளால் நேரடியாக 2019இல் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். சின்ன விஷயம் இல்லை. ஆனால் பெரும்பாலும் அது மனிதரிடமிருந்து மனிதருக்கு, ஆஸ்பத்திரியில், அழுக்குத் தண்ணீரில், தேவையில்லாமல் விழுங்கிய மாத்திரையில் வளர்ந்தது. காட்டு விலங்கிலிருந்து மனிதருக்கு வருவது நடக்காது என்று சொல்லவில்லை, முள்ளெலியின் கிருமி மனிதரிடம் வந்திருக்கிறதே. ஆனால் எந்தப் பக்கம் அதிகமாக ஓடுகிறது என்று கேட்டால், நம்மிடமிருந்து அவற்றுக்கு என்பதுதான் என் கணிப்பு.

மெரோபெனெம் கேட்ட நண்பருக்கு: குடலில் சும்மா இருக்கும் ஈ.கோலையை மருந்து கொடுத்து விரட்டப் பார்க்கக் கூடாது. விரட்டவும் முடியாது, மிஞ்சுவது இன்னும் மோசமானதாக இருக்கும். மெரோபெனெம் மனிதர்களுக்குக் கடைசிக் கையிருப்பு. புண் திரும்ப வீங்கினாலோ நீர் கோத்தாலோ அப்போதும் முதல் வேலை கத்தியும் சலைனும்தான்: செத்த சதையை எடுத்து, கழுவி, திறந்து வைப்பது. அதற்கும் அடங்கவில்லை என்றால் உங்கள் கால்நடை மருத்துவர் அமிகாசினை யோசிக்கலாம். ஆனால் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், பறவைக்கு நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நைட்ரோஃப்யூரன்டோயினுக்கு 'எஸ்' என்று இருப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது சிறுநீரில் மட்டும்தான் போதிய அளவு சேரும், இறக்கைப் புண்ணுக்கு ஒன்றும் செய்யாது. மனிதர்களுக்கான பட்டியலை அப்படியே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

குழந்தைக்கு வருவோம். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி சோப்புக்கும் அடங்காது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சோப்பும் தண்ணீரும், ப்ளீச்சிங் கரைசலும் இதன் மேல் வழக்கம் போலவே வேலை செய்யும். கூண்டில் முதலில் எச்சத்தைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ளி, சோப்பு போட்டுக் கழுவி, அதற்குப் பிறகுதான் ப்ளீச். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச் அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். பறவையின் தட்டையும் துணியையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். கையுறையை ஒவ்வொரு பறவைக்கும் மாற்றுங்கள், கழற்றிய பிறகும் கை கழுவுங்கள். கூண்டுக்குப் போட்டுப்போகும் செருப்பும் மேல்சட்டையும் வீட்டுக்குள் வர வேண்டாம், தவழ்ந்து விளையாடும் குழந்தைக்குத் தரைதான் வழி. இத்தனையும் மீறி உங்கள் குடலில் அது குடியேறினாலும் சாதாரணமாக ஒன்றும் ஆகாது, பல நாடுகளில் ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே நிறையப் பேர் தெரியாமல் சுமக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது சிறுநீர்த் தொற்றோ விட்டுப்போகாத காய்ச்சலோ வந்தால் மட்டும், நான் இப்படிப்பட்ட பறவையைக் கையாள்கிறேன் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் மருந்துக்கு முன் கல்ச்சர் எடுப்பார்.

அடுத்த பறவை வரும்போது ஒற்றியெடுப்பது முதல் நாள், ஊசி அதற்குப் பிறகு. கிழிந்த புண் எல்லாவற்றுக்கும் ஊசி தேவையும் இல்லை.

பருந்தை விடுவதற்கு முன் குடல் சுத்தமாகிவிட்டதா என்று திரும்பச் சோதிக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் எடுத்தீர்களோ அதற்குப் பக்கத்திலேயே விடுங்கள், அங்கே இது ஏற்கெனவே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குப்பைமேட்டுக்கே திரும்பப் போகிறதே என்ற பரிதாபத்தில் எங்கோ தொலைவிலுள்ள சரணாலயத்துக்கு மட்டும் ஏற்றிப்போகாதீர்கள். அந்த ஃபின்லாந்து மூஸ் போல, இன்னும் இது எட்டாத விலங்குகள் அங்கே இருக்கலாம். விடும் முன் இரண்டு நாள் பெரிய கூண்டில் பறக்கவிட்டுப் பாருங்கள். கிளையில் உட்காரும்போது காயம்பட்ட இறக்கை மற்றதைவிடத் தாழ்ந்து தொங்கினால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.